எந்தத் தண்ணீருக்கு எந்த வைத்தியம்? – கிணற்று நீர் கேள்வி பதில்

"வீட்டுக் கிணற்றிலோ போரிலோ தண்ணீர் கோளாறாக இருந்தால் எழுதுங்கள்" என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்து முடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "எந்த மெஷின் வாங்கலாம், மேடம்?" தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பியவர் ஒரே ஒருவர்.

சேலம், தருமபுரி, கடலூர் என்று 31 வருடம் குடிநீர் ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் மேசைமேல் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர் போலத்தான் தெரியும். சாயங்காலம் பார்த்தால் ஒன்றில் இரும்பு, ஒன்றில் ஃபுளோரைடு, ஒன்றில் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழியின் கசிவு. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதைத் தொடக்கூடத் தொடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

எங்கள் போர் 180 அடி. மோட்டார் போட்டதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. குடத்தில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் டீ நிறம். வேட்டி, பனியன் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. 16,000 ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. வாங்கினோம். ஐந்தாவது மாதமே சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. மெம்பிரேன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பண்ருட்டி அருகே

இப்போது மாற்றாதீர்கள், தம்பி. மெம்பிரேன் என்பது ஆர்.ஓ.வுக்குள் தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் சவ்வு. புது மெம்பிரேனும் இதே போலத்தான் அடைத்துக்கொள்ளும்.

உங்கள் தண்ணீரில் இருப்பது இரும்பு. பூமிக்கடியில் காற்றுப் படாததால் அது கரைந்த நிலையில் இருக்கிறது, அதனால்தான் மேலே வரும்போது தெளிவாகத் தெரிகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் பழுப்பாகிவிடுகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனாலே துணியில் கறை விழும். அந்தத் துருதான் உங்கள் மெம்பிரேனில் போய்ப் பூசிக்கொண்டிருக்கிறது. கழற்றும்போது பாருங்கள், உள்ளே செம்மண் குழம்பு மாதிரி இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. புதிதாகப் பிடித்த போர்த் தண்ணீர் ஒரு டம்ளர், கேன் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் பால் சேர்க்காத டீ டிகாஷன் இரண்டு ஸ்பூன் விடுங்கள். இரும்புள்ள தண்ணீர் சற்று நேரத்தில் மை கலந்தது போலக் கருக்கும். உங்கள் வீட்டு டீ கறுப்பாக இருக்கிறது என்று விருந்தாளிகள் சொல்லியிருப்பார்களே, அதற்கும் காரணம் இதுதான்.

வைத்தியம் எளிது. துரு எப்படியும் பிடிக்கப்போகிறது. அது மெம்பிரேனுக்குள் போய்ப் பிடிக்காமல், அதற்கு முன்பே வெளியில் பிடிக்கும்படி செய்துவிட வேண்டும். கடலூரில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். மேல்தொட்டிக்குப் போகும் குழாயின் நுனியை மூடி, அடிப்பக்கம் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டேன். தண்ணீர் ஷவர் மாதிரி இரண்டடி உயரத்திலிருந்து ஒரு டிரம்முக்குள் விழும். அந்த டிரம்மில் அடியில் முக்கால் இஞ்சு ஜல்லி, அதன்மேல் பொடி ஜல்லி, அதற்குமேல் நன்றாகக் கழுவிய மணல் இரண்டடி. மணலைத் தாண்டி அடியிலிருந்து வரும் தண்ணீர்தான் தொட்டிக்குப் போகும். ஒரு வாரத்தில் மணலின் மேற்பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஏடு கட்டிவிடும். விரலால் வழித்தால் வெண்ணெய் மாதிரி வரும். அந்த மேல் மண்ணை இரண்டு விரற்கடை சுரண்டிக் கழுவிப் போட வேண்டும். இந்த வேலையை வாரம் ஒரு முறை செய்ய வீட்டில் ஆள் உண்டா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால், பின்னோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளும் வால்வு வைத்த இரும்பு நீக்கும் ஃபில்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றுள் இருப்பது மாங்கனீஸ் பூசிய மணல். வேலை அதேதான்.

தண்ணீர் புளிப்புத் தன்மையாக, அதாவது பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் துருப் பிடிப்பது மெதுவாகத்தான் நடக்கும். அப்போது ஷவர் தண்ணீர் சுண்ணாம்புக் கல் ஜல்லியின் மேல் விழும்படி வைக்க வேண்டும். கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டியின் உள்ளே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் அது இரும்புப் பாக்டீரியா. போரிலேயே குளோரின் போட்டுக் கழுவாமல் அது போகாது.

இரும்பை எடுத்த பிறகு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு), ஃபுளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். அவை அளவுக்குள் இருந்தால் ஆர்.ஓ.வே உங்களுக்குத் தேவையில்லை.

ரிப்போர்ட்: கடினத்தன்மை 820, டி.டி.எஸ். 1,450, ஃபுளோரைடு 0.6, நைட்ரேட் 30, இரும்பு இல்லை. வீட்டில் ஐந்து பேர். ஒருவர் சாஃப்ட்னர் என்கிறார். ஒருவர் குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் வீடு முழுக்க ஆர்.ஓ. போடச் சொல்லி, தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிட்டது, அவர் தண்ணீர் அப்படியே இருந்தது. பயந்துபோய்விட்டோம்.
– இல்லத்தரசி, அவிநாசி

ரிப்போர்ட் அனுப்பிய ஒரே வாசகி நீங்கள்தான், அம்மா. அதனால்தான் உங்களுக்கு எண்களோடு பதில் சொல்ல முடிகிறது.

முதலில் அந்தக் கம்பி. அது உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை. இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், பாயும்போது அந்த இரும்புக் கம்பி கரையும். நீங்கள் பார்த்த சேறு கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிடையாது, மின்சாரம் ஓடாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை யாராவது இதைச் செய்துகாட்டினால், அவருடைய தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். எத்தனையோ தாய்மார்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, 'இத்தனை நாள் இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்' என்று என் மேசை முன்னால் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகைக்கு அவசியமே இல்லை.

கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும்தான், விஷம் இல்லை. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை குடிக்கலாம் என்கிறது. உங்களுடையது 820. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கீசர் காயிலில் வெள்ளையாகப் படியும், தலைமுடி சிக்குப் பிடிக்கும். குடிப்பதற்கு ஒரு வழி, குளிக்கத் துவைக்க வேறு வழி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காந்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அதன் வழியாகப் போன தண்ணீரையும் போகாத தண்ணீரையும் சோதித்தால் இரண்டிலும் கடினத்தன்மை அதே 820-தான் இருக்கும்.

சாஃப்ட்னர் உண்மையிலேயே வேலை செய்யும். உள்ளே கடுகு மாதிரி மஞ்சள் மணிகள், ரெசின் என்பார்கள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். நிரம்பியதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் என்றால் 1,250 கிராம். உங்கள் வீட்டில் தினம் 600 லிட்டரை 820-லிருந்து 200-க்கு இறக்க வேண்டுமானால் தினம் 372 கிராம் பிடிக்க வேண்டும். ஆகவே மூன்று நாளைக்கு ஒரு முறை கழுவல். ஒவ்வொரு கழுவலுக்கும் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. மாதம் 35 கிலோவுக்கு மேல் ஆகும். அந்த உப்பெல்லாம் கழிவுநீராக எங்கே போகும்? தென்னைக்கு விட்டால் மரம் கெடும். கிணற்றுப் பக்கம் விட்டால் கிணறு கெடும்.

என் வீடாக இருந்தால் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகிற லைனில் மட்டும் சாஃப்ட்னர் வைப்பேன். அது 250 லிட்டர்தான் வரும். எட்டு நாளைக்கு ஒரு கழுவல், மாதம் 14 கிலோ உப்பு. தோட்டத்துக்கும் கக்கூஸுக்கும் போர்த் தண்ணீர் அப்படியே போகட்டும்.

சாஃப்ட்னர் தண்ணீரின் டி.டி.எஸ். குறையாது, அதே 1,450-தான். கூடவே சோடியமும் ஏறியிருக்கும். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் அடுப்படியில் சின்ன ஆர்.ஓ. ஒன்று போதும். வீடு முழுக்க ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குளிக்கிற தண்ணீருக்கெல்லாம் அப்படித் தள்ளினால் உங்கள் போர் எத்தனை கோடை தாங்கும்? டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இந்த விரயத்தை நினைத்துத்தான்.

மகளுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் திட்டு, நடுவில் பழுப்புக் கோடு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். பல் டாக்டர் போர்த் தண்ணீர் என்கிறார். நாங்கள் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறோம். டி.டி.எஸ். மீட்டரில் 640 காட்டுகிறது. தம்பிக்கு இரண்டு வயது. அவனுக்கும் வந்துவிடுமா?
– ஒரு தாய், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்

அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

கல்யாணமாகித் தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்த புதிதில், தெருவில் பின்னாலிருந்து யாரையாவது கூப்பிட்டால் சிலர் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார்கள், முழு உடம்போடு திரும்புவார்கள். ஐம்பது வயதுகூட இருக்காது. வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் தெருப் போர்த் தண்ணீரை ஒரு நாள் நானே கொண்டுபோய்ச் சோதித்தேன். ஃபுளோரைடு சோதனையில் ஒரு சிவப்புக் கரைசலை விடுவோம். அது எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு வெளிறியது. அப்படித் திருப்ப முடியாத என் மாமியாரின் கழுத்து கண்ணில் வந்து நின்றது. அன்று மாலை வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அடுப்படிப் பானையைக் காலி செய்தேன்.

உங்கள் மகளின் பல்லில் கறை போட்டதும், அந்தத் தெருக்காரர்களின் கழுத்தை இறுக்கியதும் அளவு மீறிய ஃபுளோரைடுதான். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, சுவை இல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறைகளிலேயே அது இருக்கிறது. கிணறு வற்றி, ஆழமாகப் போர் போடப் போட, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது.

கொதிக்கவைப்பதால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் மிச்சத்தில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. 640 காட்டுகிற தண்ணீரில் ஃபுளோரைடு 0.5-உம் இருக்கலாம், 5-உம் இருக்கலாம். கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் சாஃப்ட்னரும் மெழுகுவத்தி ஃபில்டரும் இதைத் தொடாது. செம்புக் குடமும் தொடாது.

என்ன செய்யலாம்? உங்கள் பக்கத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லிருந்து வருகிறது. அது காவிரித் தண்ணீர், உங்களுக்கு முதல் மருந்து அதுதான். உங்கள் தெருக்குழாயில் வருவது காவிரித் தண்ணீர் மட்டும்தானா, போர்த் தண்ணீரும் கலந்ததா என்பதை ஒரு பாட்டில் பிடித்துச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அளவுக்குள் இருந்தால் அதைப் பிடித்து மூடிவைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமைக்கவும் என்று அழுத்திச் சொல்கிறேன். நான் போன எத்தனையோ வீடுகளில் குடிக்கக் கேன் தண்ணீர் இருக்கும், உலை போர்த் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருக்கும். அரிசியும் பருப்பும் களியும் அந்தத் தண்ணீரை ஃபுளோரைடோடு உறிஞ்சிக்கொள்கின்றன. ரசம், சாம்பார், டீ எல்லாமே அந்தத் தண்ணீர்தானே? குழந்தை குடிக்கிற டம்ளரை மாற்றிவிட்டுச் சாப்பிடுகிற தட்டை மாற்றாமல் விட்டால் பாதிதான் பலன்.

குழாய்த் தண்ணீர் பற்றாவிட்டால் மழைத் தண்ணீர் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும், சேதாரம் போக 700 லிட்டராவது கிடைக்கும். ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க தினம் 25 லிட்டர் என்று வைத்தால் 5,000 லிட்டர் தொட்டி 200 நாளுக்கு வரும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மணல் வடிகட்டி வழியாக, வெளிச்சம் படாத மூடிய தொட்டியில் சேருங்கள். குடிக்கும்போது காய்ச்சுங்கள், இங்கே காய்ச்சுவது சரியான வைத்தியம், ஏனென்றால் இந்தத் தண்ணீரில் பயப்பட வேண்டியது கிருமிக்கு மட்டும்தான்.

மூன்றாவது வழி ஆர்.ஓ. ஃபுளோரைடை நன்றாகவே எடுக்கும். வாங்கிய அன்று வெளிவரும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை மீட்டரில் பார்த்து, மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 50 காட்டியது ஆறு மாதத்தில் 200 ஆகியிருந்தால் மெம்பிரேன் தேய்ந்துவிட்டது, ஃபுளோரைடும் கசிகிறது என்று அர்த்தம். கழிவுக்குழாயில் வரும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும், மாட்டுக்கு வைக்காதீர்கள். அலுமினா ஃபில்டர் என்று ஒன்று உண்டு. நல்ல பொருள்தான், ஆனால் அது நிரம்பிவிட்டதைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. அடிக்கடி சோதிக்க வசதியில்லாத வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பெரியவளின் பல்லில் வந்த கறை தானாகப் போகாது. பல் மருத்துவர் அதை வெளியே தெரியாமல் சரிசெய்ய முடியும், அவள் வளர்ந்ததும் செய்யுங்கள். இது அவள் பல் தேய்க்காததால் வந்த கறை இல்லை என்பதை அவள் வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சின்னவனுக்கு நிலைப்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரை அந்த வேலை நடக்கும். இன்றைக்குத் தண்ணீரை மாற்றினால் அவன் பல் வெள்ளையாக முளைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாலும் கேழ்வரகும் கீரையும் நெல்லிக்காயும் இரண்டு பேருக்கும் கொடுங்கள். குழந்தைகளுக்கு டீ வேண்டாம், தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

ஐப்பசி மழைக்குப் பிறகு வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. எங்களுடையது தாத்தா வெட்டிய உறைக்கிணறு, எட்டடி விட்டம், இப்போது பத்தடித் தண்ணீர். இத்தனை வருடம் அதைத்தான் குடித்தோம். அப்பா நெல்லிக்கட்டை போட்டால் போதும் என்கிறார். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?
– வாசகர், கும்பகோணம்

நெல்லிக்கட்டை போடுவது நல்ல வழக்கம், தண்ணீரின் சுவை மாறும். அப்பாவின் திருப்திக்குப் போடுங்கள். கிருமிக்கு அதை நம்பாதீர்கள்.

விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி (எல்லாம் அடியில்), 22-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். எட்டு, எட்டு, பத்து, இருபத்திரண்டு: சுமார் 14,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். உங்களுக்கு 35 கிராம். கலங்கலாக இருந்தால் இன்னும் கூடும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசைமாவு போலக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிறு கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். ராத்திரி கடைசியாகத் தண்ணீர் எடுத்த பிறகு போட்டால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு பற்றவில்லை. திறந்துவைத்துப் பல மாதமான பவுடருக்கு வீரியம் இருக்காது, மூக்கைத் துளைக்கிற புதுப் பவுடராக வாங்குங்கள்.

இது இன்றைக்கான வைத்தியம்தான். மழைக்கு முன்னால் வராத நோய் மழைக்குப் பின்னால் வந்தது என்றால், மேல்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. உறைகளின் பொருத்து விட்டிருக்கிறதா, சுற்றிச் சிமென்ட் தளம் வெடித்திருக்கிறதா, கைப்பிடிச் சுவர் இரண்டரை அடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தாத்தா கிணறு வெட்டிய காலத்தில் பக்கத்தில் வீடுகள் இருந்திருக்காது. இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய குழி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சரிசெய்த பிறகு ஒரு கிருமிச் சோதனை செய்யுங்கள். ஆய்வகத்தில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊராட்சிகளில் கொடுக்கிற சின்னக் குப்பியிலும் பார்க்கலாம். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். அந்தக் கறுப்பை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் காய்ச்சாமல் குடிக்கமாட்டார்கள்.

எங்கட வளவுக் கிணற்றுக்கு நாலு பக்கமும் வெங்காயத் தோட்டம். நைட்ரேட் 80 எண்டு சொல்லுகினம். மகளுக்கு நாலு மாசம், பால்மா கரைச்சுக் குடுக்கிறம். தண்ணியைக் கொதிக்க வைச்சா காணுமா?
– வாசகி, வலிகாமம், யாழ்ப்பாணம்

போதாது, சகோதரி. இதை உடனே கவனியுங்கள். நைட்ரேட் கொதிக்கவைத்தால் போகாது, சுண்டினால் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையின் ரத்தம் இதனால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பூக்கும். அப்படிக் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பால்மா கரைக்க இன்றிலிருந்தே நைட்ரேட் குறைவு என்று சோதித்த தண்ணீரையோ போத்தல் தண்ணீரையோ எடுங்கள். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுவே மேல்.

உங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் வெடிப்புகள் வழியாக நேராகக் கிணற்றில் இறங்கிவிடும். ஆர்.ஓ. இதைக் குறைக்கும். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் வெளிவரும் தண்ணீரை நைட்ரேட்டுக்குத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

சிறு கேள்விகள் சில

*தண்ணீரில் அழுகிய முட்டை வாடை.* (கடலூர் முதுநகர்) – அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஷவராக விழவிட்டுத் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வெந்நீரில் மட்டும் வாடை வந்தால் கோளாறு கீசரில், கிணற்றில் இல்லை.

*யு.வி. மெஷின் வாங்கினோம், தண்ணீர் கலங்கல்.* (வந்தவாசி) – கலங்கல் துகள்களின் நிழலில் கிருமி பிழைத்துவிடும். முதலில் தெளியவையுங்கள். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துத் தண்ணீர் ஊற்றிவைத்தால் மண் கீழே இறங்குவது உண்மைதான். தெளிந்ததும் வடித்து யு.வி.க்கு விடுங்கள்.

*கேன் தண்ணீரில் டி.டி.எஸ். 40. நல்லதுதானே?* (ஆவடி) – உப்புக் குறைவு என்று மட்டும் தெரிகிறது. கிருமி இருக்கிறதா என்று மீட்டர் சொல்லாது.

*ஆய்வகத்துக்குத் தண்ணீர் எப்படிக் கொண்டுபோவது?* (கல்லூரி மாணவி, அரூர்) – தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தனியார் தண்ணீரையும் சோதிப்பார்கள். இரண்டு லிட்டர் புது பிளாஸ்டிக் கேன் எடுத்துக்கொள், கண்ணா. கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடு. கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகத்திலேயே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் கேட்டு வாங்கு. அதை அலசக் கூடாது, உள்ளே விரல் படக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். கேன் மேல் தேதி, போரின் ஆழம், கக்கூஸ் குழி எத்தனை அடி தூரம், வீட்டில் யாருக்காவது பல்லிலோ மூட்டிலோ வயிற்றிலோ தொந்தரவு உண்டா என்பதை எழுதி ஒட்டு. சித்திரையில் ஒரு முறை, தை மாதத்தில் ஒரு முறை எடு. மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணறு இரண்டு மாதிரி பேசும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோகாதே. இரண்டு நாள் மேசைமேல் சும்மா நிற்கும்.